எல்லைக்கல் – 17: பெண்பள்ளிக்கு யார் காவல்?

ஓசூரில் லேத் பட்டறை வைத்திருப்பவரிடம் க்ரூப் என்ற பெயரைச் சொன்னால் யார் அது என்று கேட்கமாட்டார். ஒன்றோடொன்று கோத்த மூன்று வளையங்கள் அந்த ஜெர்மன் கம்பெனியின் முத்திரை. ஒட்டு இல்லாமல் வார்த்து விற்ற ரயில் சக்கரப் பட்டைகளைக் குறிக்கும் வளையங்கள் அவை. பிரீட்ரிக் க்ரூப் தன் எஃகு வார்ப்பாலையை 1811இல் எஸ்ஸன் நகரில் தொடங்கினார். பீரங்கி, நிலக்கரி, இரண்டு உலகப் போர்கள் என்று அந்தக் கதை நீளும். அது இந்தத் தொடருக்கு வேண்டாம். எஸ்ஸன் என்ற ஊர் முதலில் எப்படி உண்டானது என்பது மட்டும் நமக்கு வேண்டும்.

அது பெண் துறவியர் மடத்தைச் சுற்றி உண்டான ஊர். கி.பி. 845 வாக்கில் ஆல்ட்ஃபிரிட் என்ற பாதிரியார் அங்கே உயர்குடிப் பெண்களுக்காக ஒரு மடம் எழுப்பினார். இவர்தான் 851இல் ஹில்டெஸ்ஹைம் ஆயரானவர். மடத்தின் முதல் தலைவி கெர்ஸ்விட். மடம் இருந்தால் மாவரைக்க ஆள் வேண்டும், குதிரை பார்க்க ஆள் வேண்டும், மெழுகுவத்தி ஊற்ற, துணி நெய்ய, பொன்வேலை செய்ய ஆள் வேண்டும். அப்படி வந்தவர்களின் குடிசைகள்தான் எஸ்ஸன். ஜெர்மனியில் இதுபோல நிறைய ஊர்கள் உண்டு. பெரும்பாலானவை இன்றும் சிற்றூர்களே. எஸ்ஸன் மட்டும் தொழில் நகரமாகிவிட்டது.

நம் பக்கத்திலும் அப்படி ஓர் ஊர் இருந்ததா என்பதுதான் இந்த வாரக் கேள்வி. இருந்தது. அதுவும் அதே நூற்றாண்டில், எஸ்ஸன் மடம் தொடங்கி நாற்பது ஆண்டுக்குள். அதைப் பார்க்க ஓசூரிலிருந்து கிழக்கே இறங்கி, கிருஷ்ணகிரி தாண்டி, திருவண்ணாமலை மாவட்டத்து வந்தவாசிப் பக்கம் போகவேண்டும். எல்லைப் பகுதியின் வரலாற்றை எழுதுகிறவன் ஏன் அவ்வளவு தூரம் போகிறான் என்றால், தகடூரையும் (இன்றைய தருமபுரி) தொண்டை மண்டலத்தையும் அந்தக் காலத்தில் இணைத்த கயிறுகளில் சமணமும் ஒன்று. கயிற்றின் நம் பக்கத்து முனையை மட்டும் பிடித்துப் பார்த்தால் பாதிதான் புரியும்.

வேடல் என்பது கிராமத்தின் பெயர். ஊருக்குப் பக்கத்தில் உள்ள பாறைக் குன்றை ஆண்டார் மடம் என்கிறார்கள். அங்கே ஒரு பாறையில், இராசகேசரி என்ற பட்டம் கொண்ட சோழ மன்னனின் 14ஆம் ஆட்சியாண்டில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. அந்த மன்னன் முதலாம் ஆதித்தன் என்று கொண்டு கி.பி. 885 என்று கணக்கிடுகிறார்கள். ஊர் அன்று சிங்கபுர நாட்டு விடால். மாதேவி அரந்திமங்கலம் என்று மறுபெயரும் உண்டு. குணகீர்த்தி படாரர் என்ற சமணத் துறவியின் வழிவந்த மாணாக்கியார் கனகவீரக் குரத்தியார் அங்கே தலைவி. சமணத் துறவு பூண்ட பெண் ஆசிரியர்களைக் குரத்தியர் என்பது அக்கால வழக்கு.

கல்வெட்டு சொல்வது ஒரு தகராறு. கனகவீரக் குரத்தியாரைச் சார்ந்த மாணாக்கியர் 500 பேர் ஒரு பக்கம், குரத்தியர் 400 பேர் மறுபக்கம். ஒத்துப்போகவில்லை. அப்போது ஊரார் தலையிட்டு, குரத்தியாரையும் அவருடைய மாணாக்கியரையும் காப்பதும் அவர்களுக்குச் சோறிடுவதும் தங்கள் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டு கல்லில் வெட்டி வைத்தார்கள்.

கல்வெட்டில் முழு எண்கள் வந்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். 500, 400 என்பவற்றைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் நானூற்றைம்பது பெண்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், ஒரே ஊரில், வீட்டைவிட்டு வந்து ஒரு பெண் ஆசிரியரிடம் பாடம் கேட்டவர்களும் துறவு பூண்டவர்களும் இத்தனை பேர். நம் பள்ளிப் பாடநூல்கள் பெண் கல்வியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்துதான் தொடங்குகின்றன. விடாலிலிருந்து தொடங்கவேண்டும் என்பது என் கட்சி.

தனித்து நிற்கும் செய்தியும் இல்லை இது. கழுகுமலைப் பாறையில் மிழலூர்க் குரத்தியார், நால்கூர்க் குரத்தியார், சங்கக் குரத்தியார் என்று பெயர் பெயராக வெட்டியிருக்கிறார்கள். சிற்பங்களைச் செய்வித்தவர்கள் அந்தப் பெண்கள். திருச்சாரணத்துக் குரத்தியாரும் அங்கே உண்டு. அவருடைய ஊர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை. தெற்கு முனையிலிருந்து கழுகுமலை வரை நடந்து வந்து போன பெண்கள் என்று நினைத்துப் பார்க்கலாம். சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகள் காவிரிக் கரையிலிருந்து மதுரை வரை நடந்ததைக் கற்பனை என்று ஒதுக்க நமக்கு உரிமை இல்லை.

ஆர்க்காட்டுப் பக்கத்து விளாப்பாக்கத்தில் இன்னொரு கல்வெட்டு. முதலாம் பராந்தகனின் 38ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 945. திருப்பான்மலை அரிட்டநேமி படாரரின் மாணாக்கியார் பட்டினிக் குரத்தியடிகள் ஒரு கிணறு தோண்டுவித்தார். அந்தக் கிணற்றையும் ஒரு வீட்டையும் சேர்த்துப் பெண்பள்ளியாக அமைத்தார்கள். அதன் மேற்பார்வை அவ்வூர் இருபத்துநால்வரிடம். கிணறு வெட்டியவர் பெண், பள்ளி பெண்களுக்கு, கண்காணிப்பு மட்டும் ஊர்ப் பெரியவர்களுக்கு. இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

இப்போது நம் மாவட்டங்களுக்குத் திரும்பலாம். முந்தைய பகுதிகளில் பார்த்த நுளம்பர்கள் தகடூரை ஆண்ட காலம் இது. தருமபுரிக் கோட்டை மல்லிகார்சுனர் கோயில் மண்டபத் தூண்களில் இரண்டு கன்னடக் கல்வெட்டுகள் உள்ளன. ஸ்ரீமங்கலத்து வணிகர் ஒருவரின் மக்கள் நிதியண்ணன், சந்தியண்ணன் என்ற இருவர் தகடூரில் ஒரு சமணக் கோயில் கட்டினார்கள். மூத்தவர் நிதியண்ணன் மகேந்திர நுளம்பனிடம் மூலப்பள்ளி என்ற ஊரைப் பெற்று, அதைக் கோயிலின் பழுதுபார்ப்புக்காகக் கனகசேன சித்தாந்த படாரரிடம் ஒப்படைத்தார். சக ஆண்டு 815, கி.பி. 893. விடால் கல்வெட்டுக்கு எட்டே ஆண்டு பின்னால்.

இங்கே நடந்ததைக் கவனியுங்கள். தகடூர்க் கோயிலுக்கு ஓர் ஊரே கிடைத்தது. அந்த ஊரின் வருவாய் கோயிலுக்கு. வணிகர் செத்தாலும் மன்னன் மாறினாலும் நெல்லும் கேழ்வரகும் வந்துகொண்டிருக்கும். அந்த ஊரை வாங்கிக்கொண்ட கை ஓர் ஆண் துறவியின் கை. விடால் குரத்தியருக்குக் கிடைத்தது ஊராரின் வாக்கு.

சமணத் துறவியர் அடுப்பு மூட்டமாட்டார்கள். காசைத் தொடமாட்டார்கள். இருட்டிய பின் உண்ணமாட்டார்கள். மழைக்காலத்தில் ஊர் ஊராக நடக்காமல் ஒரே இடத்தில் தங்குவார்கள். ஆகவே பள்ளி இருக்கும் இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இல்லறத்தார் வீடுகள் நிறைய இருக்கவேண்டும். அவ்வளவு பெண்களுக்குச் சோறு போட விடால் சின்ன ஊராக இருந்திருக்க முடியாது. பள்ளியும் ஊரும் அப்படித்தான் ஒட்டி வளர்ந்தன. ஆனால் நெல் போன திசையைப் பாருங்கள். விடாலில் வீடுகளிலிருந்து பள்ளிக்குப் போன நெல் தானம். எஸ்ஸனில் வயல்களிலிருந்து மடத்துக்குப் போன தானியம் வாரம். தானம் கொடுப்பவன் மனம் மாறலாம், மதம் மாறலாம், பஞ்சம் வந்தால் கையை விரிக்கலாம். வாரம் கொடுப்பவனுக்கு அந்த வசதி இல்லை. ஒரு மடம் ஊராக நிலைக்குமா, பாறை எழுத்தாக மட்டும் எஞ்சுமா என்பதை இதுதான் தீர்மானித்தது என்று நினைக்கிறேன்.

எஸ்ஸன் தலைவியர் சாமானியர்கள் இல்லை. 1011இல் இறந்த மட்டில்டா, பேரரசர் முதலாம் ஓட்டோவின் பேத்தி. அவர் காலத்தில் செய்த பொன்மாதா சிலை இன்றும் எஸ்ஸன் பேராலயத்தில் இருக்கிறது. மரத்தில் செதுக்கி மேலே பொன் தகடு போர்த்திய சிலை. உயரம் 74 சென்டிமீட்டர்தான். ஐரோப்பாவில் முழு உருவமாகச் செதுக்கிய மாதா சிலைகளில் எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது அது. 1041இல் தலைவி தியோபானு அரசரிடம் சந்தை நடத்தும் உரிமை பெற்றார். திருவிழாவை ஒட்டி ஆறு நாள் சந்தை. சந்தை என்றால் சுங்கம், சுங்கம் என்றால் நிரந்தர வருமானம். நம் சூளகிரிச் சந்தையில் இன்றும் ஏலம் எடுப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறகு தலைவிக்கு இளவரசிப் பட்டமும் சேர்ந்தது. அந்தச் சின்ன நாட்டில் வரி, நீதி, நிர்வாகம் எல்லாம் ஒரு பெண்ணின் முத்திரையில் நடந்தன.

எல்லாம் சுகமாக நடந்துவிடவில்லை. துறவியர் வாள் எடுக்கக்கூடாது. ஆகவே மடத்துக்குக் காவலர் என்று ஒரு பிரபு உண்டு. நம் பக்கத்தில் பாடிகாவல் என்று வசூலித்தார்களே, அந்த மாதிரி. காக்கிறேன் என்று சொல்லி மடத்தின் விளைச்சலில் பாதியைத் தின்றுவிடுவதுதான் பல காவலர்களின் வேலை. பதிமூன்றாம் நூற்றாண்டில் எஸ்ஸன் காவலராக இருந்தவர் ஐசன்பெர்க் பிரபு பிரீட்ரிக். மடத்துக்கு அவர் கொடுத்த தொல்லையைக் கொலோன் பேராயர் எங்கல்பர்ட் தட்டிக் கேட்டார். இருவரும் உறவினர்கள். 1225 நவம்பர் 7ஆம் தேதி, வழியில் மறித்துப் பேராயரைக் கொன்றது பிரீட்ரிக்கின் கூட்டம். மறு ஆண்டு பிரீட்ரிக்கைப் பிடித்துக் கொலோனில் சக்கரத்தில் கட்டிக் கொன்றார்கள். பேராயர் விழுந்த இடத்தில் சில ஆண்டுகளில் இன்னொரு கன்னியர் மடம் எழுந்தது. அதைச் சுற்றி ஒரு ஊர் வளர்ந்தது. கெவல்ஸ்பெர்க் என்று பெயர். மடத்துக் காவல் பற்றிய சண்டையிலிருந்தே இன்னொரு மடத்து ஊர் பிறந்த கதை.

எஸ்ஸன் ஊராரும் சும்மா இருக்கவில்லை. நகரம் யாருக்கு, எங்களுக்கா தலைவிக்கா என்று நூற்றாண்டுக் கணக்கில் வழக்கு. 1670இல் பேரரசின் உச்ச நீதிமன்றம், நகரம் தலைவிக்குக் கட்டுப்பட்டதே, ஆனாலும் அதன் பழைய உரிமைகளில் கைவைக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. இரண்டு பக்கமும் வென்றதாகச் சொல்லிக்கொள்ளத் தோதான தீர்ப்பு.

கடைசித் தலைவி மரியா குனிகுண்டே, சாக்சனி அரசகுடும்பத்துப் பெண். 1791இல் இவர் நோய் எஸ்ஸன் என்று ஒரு இரும்பாலை தொடங்கினார். மடத்துத் தலைவி ஜெபமாலையோடு ஊதுலைக் கணக்கும் பார்த்திருக்கிறார். அந்த ஆலை பிறகு கைமாறி, பக்கத்து ஆலைகளோடு சேர்ந்து பெரிய கம்பெனியானது. அதன் வாரிசுதான் 1921இல் மான் கம்பெனியைத் தன்வசமாக்கியது. லாரி ஓட்டுகிறவர்களுக்கு மான் என்ற பெயர் தெரிந்திருக்கும். 1803இல் பிரஷ்யா மடத்தின் ஆட்சியை முடித்து நாட்டைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. எட்டே ஆண்டில் க்ரூப்பின் வார்ப்பாலை வந்தது.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். இந்தியாவில் பெண்களுக்குப் பெயர் சொல்லி நிலவருவாய் எழுதிக் கொடுத்ததே கிடையாதா? உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் பாருங்கள். 1014 வாக்கில் இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பணிப் பெண்களை, கொண்டுவந்து குடியமர்த்தினான். தெரு, சிறகு, எத்தனையாவது வீடு, வந்தவர் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் வரி வரியாக எழுதியிருக்கிறது. ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். இறந்தால் தகுதியுள்ள நெருங்கிய உறவினர் அந்தப் பங்குக்கு வருவார். விடாலின் பெண்களில் கனகவீரக் குரத்தியார் ஒருவர் பெயர்தான் நமக்குத் தெரியும். தஞ்சையின் பெண்களோ பெயர் பெயராக, கதவெண்ணோடு நிற்கிறார்கள். பங்கு கொடுத்தால் கணக்கு வேண்டும், கணக்குக்குப் பெயர் வேண்டும். ஆனால் தஞ்சைப் பெண்களின் தெருவும் கோயிலின் தெரு, அரசனின் தெரு. அந்த 400 பேருக்கும் தாங்களே நடத்தும் சபை என்று ஒன்று அமையவில்லை.

குரத்தியர் பெயர்கள் பத்தாம் நூற்றாண்டுக்குப் பிறகு தமிழ்க் கல்வெட்டுகளில் அருகிவிடுகின்றன. சைவ, வைணவ எழுச்சியைக் காரணம் சொல்வது வழக்கம். அது உண்மைதான், முழு உண்மை ஆகாது. சமண ஆண் துறவியர் பள்ளிகளும் அதே எழுச்சியைத்தான் சந்தித்தன. ஆனால் மேல்சித்தாமூரில் மடம் இன்றும் இருக்கிறது, திருப்பருத்திக்குன்றத்தில் கோயில் இன்றும் இருக்கிறது. நிலம் வைத்திருந்த நிறுவனம் அடி வாங்கினாலும் எழுந்து நின்றது. சோற்றை நம்பி இருந்த பள்ளி எழவில்லை.

ஓசூர்ப் பக்கத்தில் இன்று பெண்கள் கூட்டமாகத் தங்கும் இடங்களுக்குக் குறைவில்லை. கெலமங்கலம் பக்கத்து திம்ஜேப்பள்ளியில் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலை வந்தபின், ஜார்க்கண்டிலிருந்துகூட இளம்பெண்கள் வேலைக்கு வந்திருக்கிறார்கள். போச்சம்பள்ளி ஓலா ஆலையைப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021இல் அறிவிப்பு வந்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த சிப்காட் விடுதி 18,720 பேர் தங்கக் கட்டியது. விடாலின் எண்ணைப் போல இருபது மடங்கு. ஷிப்ட் வண்டி நிற்கும் இடத்தில் டீக்கடை, ரீசார்ஜ் கடை, தையல் கடை, மாத வாடகை அறைகள் என்று இங்கேயும் ஊர் வளர்கிறது. பெண்கள் தங்கும் இடத்தைச் சுற்றி ஊர் உண்டாவது நம் கண்ணெதிரிலேயே நடக்கும் விஷயம். அந்த ஊரின் பட்டாவிலோ வாடகைப் பத்திரத்திலோ அவர்கள் பெயர் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. பாதுகாப்பு, உணவு, விடுதி நேரம் எல்லாவற்றையும் வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். விளாப்பாக்கத்து இருபத்துநால்வரின் வேலையைக் கம்பெனியின் மனிதவளத் துறை பார்க்கிறது.

அடுத்த பகுதியில் பர்கூர்ப் பக்கத்து எலத்தகிரிக்குப் போகிறோம். மாதா கோயிலோடு சேர்ந்து வளர்ந்த ஊர் அது. 1844இல் புதுச்சேரியில் துப்புய் பாதிரியார் பெண்களுக்குப் பள்ளி நடத்தவென்றே ஒரு கன்னியர் சபை தொடங்கியதையும் அதோடு சேர்த்துப் பார்ப்போம்.

அதற்குள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் குவாரி இல்லாத வட்டாரம் குறைவு. நம் பக்கத்துக் கல்வெட்டுகள் பல, ஏரிக்கரையில் துணி துவைக்கும் கல்லாகவும் வயல் வரப்பில் நட்ட கல்லாகவும்தான் கிடைத்திருக்கின்றன. உங்கள் ஊர்ப் பாறையில் எழுத்தோ, உட்கார்ந்த நிலையில் ஆடையில்லாத உருவமோ, மழைநீர் வடியக் குகை நெற்றியில் வெட்டிய காடியோ இருந்தால், சுண்ணாம்பு பூசாமல், எண்ணெய் ஊற்றாமல், அப்படியே படம் எடுத்துக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள். குவாரி ஏலத்துக்கு முன்னால் சொல்லுங்கள்.